தொண்ணூறு மைல் நீர்வழியும் ஒரு சட்டவிதியும்



நியூயார்க் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு மான்ஹாட்டனின் அடுக்குமாடிகள்தான் கண்முன் வரும். அந்த நகரத்திலிருந்து வடக்கே நாலைந்து மணி நேரம் காரில் போனால், அதே மாநிலத்துக்குள் 60 லட்சம் ஏக்கர் பரப்பில் அடிராண்டாக் என்றொரு மலைக்காடு இருக்கிறது. ஏறத்தாழ 3,000 ஏரிகளும் குளங்களும் அதற்குள் அடக்கம். செப்டம்பர் மாதத்தில், அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்து வரும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்கள் அங்கே ஒரு படகுப் போட்டி நடக்கும். அடிராண்டாக் கேனோ கிளாசிக் என்பது அதன் முறையான பெயர். கலந்துகொள்கிறவர்கள் வாயில் அது 'நைன்டி மைலர்'. தூரம் 90 மைல், நம் கணக்கில் 145 கிலோமீட்டர். 1983இல் தொடங்கியது.

இருநூற்றுச் சொச்சம் படகுகள் கலந்துகொள்ளும் இந்தப் போட்டியில் யார் முதலில் வந்தார், எத்தனை மணியில் வந்தார் என்பதெல்லாம் விளையாட்டுப் பக்கத்துச் செய்தி. எனக்கு அதில் அக்கறை குறைவு. இந்தப் போட்டி நடக்கிறதென்றால் அதற்கு முதற்காரணம் 1894இல் எழுதப்பட்ட ஒரு சட்டவிதி என்பதுதான் நான் சொல்ல வந்தது. துடுப்பு வலிக்கிறவர்களின் தோள்வலிமை அதற்கு அடுத்தபடிதான். இது கொஞ்சம் மிகையாகப் படலாம். முதலில் அந்த நீர்வழியில் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பிறகு சட்டத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் காலை ஓல்ட் ஃபோர்ஜ் என்ற சிற்றூரில் தொடக்கம். எல்லாரையும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். படகு வகைவாரியாகப் பிரித்து, சில நிமிட இடைவெளியில் அணி அணியாக அனுப்புவார்கள். ஒருவர் செலுத்தும் கயாக், இருவர் கேனோ, நால்வர் கேனோ, எட்டுப் பேருக்கும் மேல் உட்காரும் பெரிய போர்க் கேனோ, அந்த வட்டாரத்துக்கே உரிய கைட்போட் என்று பல வகைகள். அங்கிருந்து ஃபுல்டன் சங்கிலி என்னும் எட்டு ஏரிகள். நீராவிப் படகால் புகழ்பெற்ற ராபர்ட் ஃபுல்டனின் பெயர்தான் அது. ஏரிகளுக்குத் தனித்தனிப் பெயர்கூட இல்லை. முதல் ஏரி, இரண்டாம் ஏரி என்று எட்டாம் ஏரி வரை எண்தான்.

ஐந்தாம் ஏரி முடிந்ததும் தண்ணீர் வழி அற்றுப்போகிறது. இறங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மறுபடியும் இறக்கம், மறுபடியும் தூக்கல். எட்டாம் ஏரியைத் தாண்டினால் ஒரு மைலுக்குமேல் காட்டு நடை. அந்த நடை முடிகிற இடத்தில் பிரவுன்ஸ் டிராக்ட் என்ற ஓடை. ஜிலேபி பிழிந்ததுபோல் வளைந்து வளைந்து போகும் ஓடை அது. பதினெட்டு அடி நீளப் படகை அதில் திருப்புவது ஒரு தனிக் கலை. பின்னால் இருப்பவர் படகைச் சாய்த்துத் திருப்ப, முன்னால் இருப்பவர் துடுப்பைக் குறுக்கே ஊன்றி மூக்கை இழுக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் படகு கரைச் சேற்றில் செருகிக்கொள்ளும்; பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். பிறகு அகன்ற ராக்கெட் ஏரி. அதன்பின் மேரியன் ஆறு. ஆற்றை எதிர்த்து ஏறி, அரை மைல் நடந்து, உடோவானா ஏரி, ஈகிள் ஏரி வழியாகப் புளூ மவுண்டன் ஏரியில் கரையேறினால் அன்றைய 35 மைல் முடிந்தது.

மேரியன் ஆற்றோரம் இன்று போட்டியாளர்கள் நடக்கும் அந்த அரை மைல் பகுதியில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஒரு பக்கத்து நீராவிப் படகிலிருந்து இறங்கும் பணக்கார விருந்தாளிகள் அடுத்த பக்கத்து நீராவிப் படகுக்கு நடந்து போகாமலிருக்கப் போட்ட ரயில். மொத்த நீளம் ஒரு மைல்கூட இல்லை. பயணிகள் உட்கார, புரூக்ளினில் குதிரை இழுத்த பழைய டிராம் பெட்டிகளைக் கொண்டுவந்து பூட்டினார்கள். 1900 வாக்கில் தொடங்கி 1929 வரை ஓடியது. கார் வந்தது, ரயில் போனது. இப்போது அதே வழியில் மனிதர்கள் தலைமேல் படகோடு ஓடுகிறார்கள்.

இரண்டாம் நாள் லாங் லேக். பெயருக்கேற்ற நீளமான ஏரி, ஏறத்தாழ 14 மைல். காற்று எதிர்த்து அடித்தால் ஏரி முழுவதும் அலை. சின்னப் படகுகளுக்குள் தண்ணீர் ஏறும். ஏரி முடியும் இடத்தில் ராக்கெட் ஆறு. சில மைல் போனதும் அருவி. அருவியைச் சுற்றிக்கொண்டு போக ஒன்றேகால் மைல் மலைப்பாதை: ஏற்றம், வேர், பாறை, சேறு. போட்டியிலேயே மிகக் கடினமான நடை இதுதான் என்று போனவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கடந்து மறுபடி ஆற்றில் இறங்கி, மொத்தம் 30 மைல்.

மூன்றாம் நாள் ஃபிஷ் கிரீக்கில் தொடங்கி மேல் சாரனாக் ஏரி, அடுத்து ஒரு நடை, நடு சாரனாக் ஏரி, நாணலும் அல்லியும் மண்டிய சாரனாக் ஆறு, வழியில் மதகுப் பூட்டுகள், கடைசியில் சாரனாக் லேக் ஊருக்குள் இருக்கும் ஃபிளவர் ஏரி. 25 மைல். கரை முழுக்க ஊர்மக்கள் நின்று கைதட்டுவார்கள்.

வேகமான படகுக்கு ஒரு நாள் ஓட்டம் நான்கைந்து மணி நேரம் எடுக்கும். மெதுவாகப் போகிறவர்களுக்கு எட்டு, ஒன்பது மணிகூட ஆகும். துடுப்பு வலிப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் ஒன்று புரியும். இருவர் கேனோவில் முன்னவரும் பின்னவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் வலிப்பார்கள். ஏழெட்டு வலிப்புக்கு ஒருமுறை பின்னவர் 'ஹட்' என்று குரல் கொடுப்பார். அதே நொடியில் இருவரும் துடுப்பைக் காற்றில் தூக்கி, கை மாற்றி, பக்கம் மாறிவிடுவார்கள். தாளம் ஒரு கணமும் தப்பாது. ஒரு தோளுக்கே வேலை கொடுக்காமல் பகிர்வது ஒரு பயன். படகை நேராக வைக்க ஒவ்வொரு முறையும் துடுப்பைத் திருகாமல் தப்புவது இன்னொரு பயன். அந்தத் துடுப்பும் நேரானது கிடையாது; காம்பும் அலகும் சேரும் இடத்தில் பன்னிரண்டு பாகை அளவில் வளைந்திருக்கும். நேர்த்துடுப்பு பின்னுக்கு வரும்போது தண்ணீரை மேலே அள்ளித் தள்ளும். அந்த உழைப்பு வீண். வளைந்த துடுப்பு அங்கேயும் செங்குத்தாக நின்று தண்ணீரைப் பின்னால் தள்ளும். மினசோட்டாவைச் சேர்ந்த ஜீன் ஜென்சன் என்ற படகு வடிவமைப்பாளர் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த மாற்றம் இது. இன்று அந்தத் துடுப்பு இல்லாத போட்டி கிடையாது.

இந்த நவீனப் படகுகளோடு கைட்போட்டும் ஓடுகிறது என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ பதினாறு அடி நீளம். எடை 30 கிலோவுக்கு அக்கம்பக்கம். அதன் விலா எலும்புகளை மரத்தை வளைத்துச் செய்வதில்லை. ஸ்புரூஸ் மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, வேர் எங்கே இயல்பாக வளைகிறதோ அந்த வளைவிலேயே அறுத்து எடுப்பார்கள். மரத்தின் இழை வளைவோடு ஓடுவதால், மெல்லியதாகச் சீவினாலும் முறியாது. மேலே பைன் அல்லது சீடர் பலகை. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பை இழைத்துக் கூராக்கி, ஆயிரக்கணக்கான சின்ன ஆணிகளால் தைப்பார்கள். படகின் குறுக்கே பொருத்த ஒரு நுகம் உண்டு, மனிதத் தோளுக்கென்றே செதுக்கியது. தனி ஆள் ஒருவர் அதைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடந்துவிடலாம். சுமக்க முடியாத படகு அந்த நாட்டில் பாதிப் படகுதான். நீரும் நிலமும் மாறி மாறி வரும் ஊர், தனக்கேற்ற படகைத் தானே செய்துகொண்டது.

படகோடு நடக்கும் அந்த வழிகள் போட்டிக்காக வெட்டியவை அல்ல. மோஹாக் மக்களும் அபெனாகி மக்களும் வேட்டைக்குப் போன வழிகள். பின்னால் வந்த வழிகாட்டிகள் பலரும் அவர்களிடம் கற்றவர்கள். லாங் லேக் ஊரில் வாழ்ந்த மிட்செல் சபாட்டிஸ் என்ற அபெனாகி வழிகாட்டியின் பேர் அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. 1869இல் பாஸ்டனைச் சேர்ந்த மர்ரே என்ற பாதிரியார் அடிராண்டாக் பயணம் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நகரத்துக் கூட்டம் அலைமோதியது. கொசுக்கடியும் மழையும் எதிர்பார்க்காமல் வந்து அவதிப்பட்டவர்களுக்குப் பத்திரிகைகள் 'மர்ரேயின் முட்டாள்கள்' என்று பட்டம் கட்டின.

1883இல் இன்னொருவர் வந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ்; நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதியவர். அறுபதைத் தாண்டிய வயது, சின்ன உடம்பு, நெஞ்சில் காசநோய். வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளப் பணம் இல்லை. ஆகவே தானே தூக்கக்கூடிய படகு வேண்டும் என்று ரஷ்டன் என்ற கைதேர்ந்த படகுக் கலைஞரிடம் கேட்டார். ரஷ்டன் செய்து கொடுத்த 'சேரி கேம்ப்' ஒன்பது அடி நீளம். எடை ஐந்து கிலோகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு நெஸ்மக் 266 மைல் போய் வந்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, அவர் போன ஏரிகளிலேதான் இந்தப் போட்டி தொடங்கியது. நூறு ஆண்டில் ஒரு நிலப்பரப்பு என்னவெல்லாம் ஆகலாம் என்று நமக்குத் தெரியும். நெஸ்மக் பார்த்த காடு இன்றைய போட்டியாளருக்கும் எப்படி மிஞ்சியது? இனி அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

நெஸ்மக் வந்த காலத்தில் அந்தக் காடு வேகமாக மொட்டையாகிக்கொண்டிருந்தது. மரக் கம்பெனிகள் நிலத்தை மலிவாக வாங்கும். இருக்கிற மரத்தையெல்லாம் வெட்டும். பிறகு நிலவரி கட்டாமல் போட்டுவிட்டுப் போய்விடும். வரி பாக்கிக்காக நிலம் அரசுக்கு வந்து சேரும். வெட்டிய கிளைக் குப்பையில் தீப்பிடித்து மிச்சமும் எரியும்.

வெர்பிளாங்க் கால்வின் என்ற நில அளவையாளர் இதைக் கண்ணால் பார்த்தார். 1872இல் மார்சி சிகரத்தின் சரிவில் ஹட்சன் ஆற்றின் மிக உயரமான ஊற்றுக்கண்ணான சிறு குளத்தை அடைந்தவர் அவர்தான். அவர் அரசுக்கு எழுதிய அறிக்கைகளில் அழகு பற்றிய பேச்சு இருந்தாலும், ஆட்சியாளர்கள் காதில் ஏறிய வாதம் வேறு: மேலே காடு போனால் பனி ஒரேயடியாக உருகி ஓடும், கோடையில் ஆறு வறளும், ஈரி கால்வாயில் தண்ணீர் இருக்காது. 1825 முதல் நியூயார்க் நகரத்தின் வியாபாரம் அந்தக் கால்வாயின் மேல்தான் மிதந்துகொண்டிருந்தது. கால்வாய் வற்றினால் சரக்குக் கூலியை ரயில் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஏற்றிவிடும். ஆகவே காட்டைக் காப்பாற்று என்று முன்வரிசையில் நின்று குரல் கொடுத்தவர்கள் நகரத்து வணிகர்கள். கவிஞர்களும் வேட்டைக்காரர்களும் அவர்களுக்குப் பின்னால்தான்.

1885இல் மாநில அரசு தன் கையில் இருந்த ஏழு லட்சம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைக் காப்புக்காடு என்று அறிவித்தது. அதில் பெரும்பகுதி வரி கட்டாமல் கைவிட்ட, வெட்டித் தீர்த்த நிலம். 1892இல் தனியார் நிலத்தையும் உள்ளடக்கி ஒரு பெரும் பூங்காவுக்கு எல்லை போட்டார்கள். வரைபடத்தில் நீல மையில் போட்ட கோடு என்பதால் இன்றும் அதற்கு நீலக்கோடு என்றே பெயர். ஆனால் சட்டம் போட்டும் மரம் போவது நிற்கவில்லை. காவலுக்கு வைத்த வன ஆணையத்தின் கண்ணெதிரிலேயே மரம் போனது. 1893இல் காப்புக்காட்டு மரத்தையே விற்கலாம் என்று ஒரு சட்டமும் வந்தது.

அடுத்த ஆண்டு, 1894இல், மாநில அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. இனி சட்டமன்றத்தையும் நம்ப வேண்டாம், அதிகாரிகளையும் நம்ப வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். மாநிலத்துக்குச் சொந்தமான அந்தக் காட்டை என்றென்றைக்கும் இயற்கைக் காடாகவே வைத்திருக்க வேண்டும். விற்கவோ குத்தகைக்கு விடவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. மரத்தை விற்கவும் எடுக்கவும் அழிக்கவும் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். மாநாட்டில் ஆதரவு 122, எதிர்ப்பு பூஜ்யம். 1895 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும். அதன்பிறகு மாநிலத்து வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ஒப்ப வேண்டும். ஒயிட்ஃபேஸ் மலை உச்சிக்கு ஒரு சாலை போடவே 1927இல் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த விதிக்கு வந்த முதல் பெரிய சோதனை ஒரு விளையாட்டால் வந்தது என்பதைக் கவனியுங்கள். 1932 குளிர்கால ஒலிம்பிக் போட்டி அதே மலையில், லேக் பிளாசிட் ஊரில் நடக்க இருந்தது. பனிச்சறுக்கு வண்டிகள் பாயும் பாப்ஸ்லெட் தடம் ஒன்று தேவைப்பட்டது. காப்புக்காட்டில் அதை அமைக்கச் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. ஏறத்தாழ 2,500 மரங்கள் வெட்ட வேண்டியிருந்தது. ஒரு பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டது. உலகமே வருகிறது, நாட்டின் மானம் இருக்கிறது, பொதுமக்களுக்கும் நல்லதுதானே என்ற வாதங்கள் எல்லாம் அப்போதும் இருந்தன. 1930இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: நோக்கம் நல்லதாக இருந்தாலும், இந்தக் காட்டில் இவ்வளவு மரம் வெட்ட அரசியலமைப்பில் இடமில்லை. தடம் தனியார் நிலத்தில் அமைந்தது. ஒலிம்பிக் போட்டியும் குறையில்லாமல் நடந்தது. 2021இலும், பனிவண்டிகளுக்காக அரசே வெட்டத் திட்டமிட்ட அகலமான தடங்களை அதே நீதிமன்றம் அதே விதியைக் காட்டித் தடுத்தது. தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் ஒரே பதில்.

விளையாட்டுக்காகக் காட்டை வளைக்கவிடாத சட்டம், காட்டை வளைக்காத ஒரு விளையாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. இந்தக் கேனோ போட்டிக்குத் தேவை தண்ணீரும் ஒற்றையடிப் பாதையும்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அருவியோரப் பாதையில் காலடித் தடம் மட்டும் மிஞ்சும்.

இதையெல்லாம் பொற்காலக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. போட்டி தொடங்கும் ஓல்ட் ஃபோர்ஜ் ஏரியே அணை கட்டித் தேக்கிய நீர்தான். பூங்காவில் பாதிக்குமேல் இன்றும் தனியார் நிலம். ஃபுல்டன் ஏரிக் கரைகளில் வீடுகளும் படகுத்துறைகளும் வரிசையாக இருக்கின்றன. தனியார் நிலத்திலும் கட்டடங்களைக் கட்டுப்படுத்த 1971இல் ஓர் அமைப்பு வந்தபோது உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் நிலத்தில் நாங்கள் என்ன செய்யலாம் என்று மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கிறவர்கள் சொல்வதா என்ற அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏரியைப் பார்க்க வருகிறவருக்கு அது மூன்று நாள் சந்தோஷம். அங்கேயே பிழைக்கிறவருக்கு வேலையும் வேண்டும்.

அந்த 1894 விதியால் ஆகாததும் உண்டு. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியின் அனல் மின்நிலையங்கள் உமிழ்ந்த கந்தகப் புகை, காற்றோடு வந்து அடிராண்டாக் மலையில் அமில மழையாகப் பெய்தது. போட்டி தொடங்கிய 1980களில் அங்கே பல ஏரிகளில் மீனே கிடையாது. பார்க்கத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும், உயிர் இருக்காது. நீலக்கோட்டுக்குள் மரம் வெட்டாமல் காவல் காத்தாலும் புகைக்குக் கோடு தெரியாதே. 1990இல் தேசிய அளவில் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திப் புகையைக் குறைத்த பிறகுதான் ஏரிகள் மெல்ல மெல்லத் தேறின. சிலவற்றில் டிரவுட் மீன் திரும்ப வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் இன்னும் வரவில்லை.

ஆகவே நான் தொடக்கத்தில் சொன்னதை இப்போது கணக்குத் தீர்த்துச் சொல்கிறேன். ஒரு படகுப் போட்டிக்குப் படகு வேண்டும், பயிற்சி வேண்டும், பரிசு கொடுக்க ஆள் வேண்டும். இதெல்லாம் ஓர் ஆண்டில் சேர்த்துவிடலாம். மூன்று நாள், 90 மைல், ஏரி விட்டு ஏரி போகும்படி தண்ணீர் இருக்க வேண்டுமென்றால் அதற்கு மேலே மலையில் காடு நிற்க வேண்டும். காடு நிற்க, அதை வெட்ட நல்ல காரணத்தோடு வருகிற ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்லும் விதி வேண்டும். அந்த விதியைக் கெட்டவர்களுக்கு எதிராகப் பயன்படுத்துவது எளிது. ஒலிம்பிக்குக்கும் அது பொருந்தும் என்று சொன்னார்களே, அங்கேதான் அதன் பலம் தெரிந்தது.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏதாவதொரு ஏரியையோ ஆற்றையோ அழகுபடுத்தப் போகிறோம், படகு விடப் போகிறோம், விழா நடத்தப் போகிறோம் என்று யாராவது உங்களிடம் வந்தால், மகிழ்ச்சி என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த இடத்தைக் காக்கச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். பதில் இல்லாதவரிடம், பதிலைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.